சனி பகவான் விருந்தும் என் ரகசிய மசாலாவும்

புதிதாக பேக்கரி வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் சொல்கிறேன்.

மைதாவை எப்படிச் சலிப்பது, போர்மா என்கிற செங்கல் அடுப்பில் விறகை எப்படி அடுக்குவது, கேக் வெந்துவிட்டதா என்று எந்தக் குச்சியால் குத்திப் பார்ப்பது, இதெல்லாம் உங்கள் மாஸ்டர்கள் சொல்லித் தருவார்கள். என்னிடம் கேட்காதீர்கள். முப்பது வருஷம் பேக்கரி முதலாளியாக இருந்தவனுக்கு இது தெரியாதா என்பீர்கள். தெரியும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. சின்னாளபட்டிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பா தக்காளி போட்டவர். தக்காளி என்னைக் காப்பாற்றாது என்று பன்னிரண்டு வயதிலேயே கண்டுபிடித்து, திண்டுக்கல்லுக்கு வந்து ஒரு பிரியாணிக் கடையில் மசாலா அரைக்கச் சேர்ந்தேன். நாலு வருஷம் அரைத்தேன். அப்புறம் ஒரு பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பொட்டலம் மடித்தேன். அப்புறம் நாகல் நகரில் சொந்தக் கடை. நான் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளுக்கெல்லாம் என் கடையில் இருந்துதான் பிறந்தநாள் கேக் போனது. இதைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன். பன் வாங்க வந்தவரிடமும் சொல்வேன்.

திண்டுக்கல்லில் கேக் என்றால் நான், நான் என்றால் கேக் என்று பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

என் பெருமைக்கெல்லாம் காரணம் என் ரகசிய மசாலா. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் என்று கொஞ்சம் வாசனைப் பொடி போட வேண்டும். எல்லாக் கடையிலும் போடுவார்கள். ஆனால் என் கடையில் அந்தப் பொடியை நானே அரைப்பேன். டிசம்பர் பிறந்ததும் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அரைத்து முடித்து, ஒரு தகர டப்பாவில் அடைத்து, மாஸ்டர் கையில் கொடுத்து, "இதைப் போடு. என்ன ஏதுன்னு கேக்காத" என்பேன். மாஸ்டர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த அடக்கத்தை நான் ரொம்ப மெச்சியிருக்கிறேன். கேக் வெளியே வந்ததும் முதல் துண்டை நான் தின்பேன். கண்ணை மூடுவேன். "யார் கைப்பக்குவம்!" என்று என் கையையே மோந்து பார்த்துக்கொள்வேன்.

மாஸ்டர் கொடைரோட்டுக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். அவருக்கு அடுத்து இன்னொருத்தர், அவரைச் சின்ன மாஸ்டர் என்போம். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். இவர்கள் போக மூன்று பேர். எல்லோரையும் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவேன், மாஸ்டர் உள்பட.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர். மாதா கோயில் பங்கில் இருந்து ஒரு டீச்சர் வந்தார். வரலாறு சொல்லிக் கொடுக்கிற டீச்சர். நாற்பது வயது இருக்கும். அவர்கள் பங்கைச் சேர்ந்த கிராமங்களில் வீட்டுக்கு ஒரு அரைக்கிலோ கேக் கொடுப்பார்கள். அதுவரைக்கும் மதுரையில் இருந்து வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் டீச்சர், "நம்ம ஊர்க் கடைக்கே குடுப்போம், நான் பொறுப்பு" என்று பங்குச்சாமியாரிடம் சொல்லி, ஐந்நூறு கேக் ஆர்டரை என்னிடம் கொண்டுவந்திருந்தார். இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் வண்டி வரும். அதற்குள் ஐந்நூறும் தயாராக இருக்க வேண்டும்.

"கவலையே படாதீங்க டீச்சர். என் மசாலா இருக்கு" என்றேன்.

ஆர்டரை எழுதுகிற நேரத்தில் சும்மா நிற்க முடியாமல் ஒரு கேள்வி கேட்டேன். அங்கேதான் வினை ஆரம்பம்.

"ஏன் டீச்சர், இயேசு பொறந்தது மாட்டுக் கொட்டகையிலதான? அங்க ஏது கேக்கு, மெழுகுவத்தி, பரிசுப் பொட்டலம்? இதெல்லாம் யாரு கொண்டாந்து சேத்தது?"

டீச்சர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டார். வகுப்பில் யாரும் கேட்காத கேள்வியைக் கடைக்காரன் கேட்டுவிட்டான் என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"ரோமாபுரி தெரியுமாண்ணே?"

"போப்பாண்டவர் இருக்குற ஊரு."

"அவருக்கு முன்னால. இயேசுவுக்கும் முன்னால. அங்க டிசம்பர் பதினேழாந் தேதி ஒரு பெரிய திருவிழா ஆரம்பிக்கும். சாட்டர்ன் அப்படின்னு ஒரு தெய்வத்துக்கு. நம்ம சனி கிரகத்துக்கு இங்கிலீஷ்ல அந்தத் தெய்வத்தோட பேர்தான்."

"சனி பகவானுக்கா? திருவிழாவா?"

நம் ஊரில் சனி பகவானுக்கு எள் விளக்குப் போட்டு, நேருக்கு நேர் நிற்காமல் ஓரமாக நின்று, கிட்ட வந்துராதப்பா என்று கும்பிட்டுவிட்டு ஓடி வருகிறோம். அங்கே விருந்தாம்.

"அவங்களுக்கு அது விதைப்புக்கான தெய்வம்ணே. வருசம் பூரா அந்தச் சிலையோட காலைக் கம்பளி நூலால கட்டி வச்சிருப்பாங்க. திருவிழா அன்னைக்கு அவுத்து விடுவாங்க. மெழுகுவத்தி, சின்னச் சின்ன மண் பொம்மை, இதையெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பரிசாக் குடுத்துக்குவாங்க. புது வருசத்துக்கு வாசல்ல பச்சை இலை கட்டுவாங்க. பொழுது சுருங்கிக் கெடக்குற குளிர் மாசம். அதுலயே சூரியனுக்கும் ஒரு திருநாள் உண்டு. நாம தை மாசம் பொங்கல் வைக்கிற மாதிரின்னு வச்சுக்கங்களேன். பின்னால அந்த ஊரு பூரா கிறிஸ்தவ வேதத்துக்கு மாறுச்சு. அதுக்காக விருந்து வைக்கிற கையி சும்மா இருக்குமா? பழைய சந்தோசத்துல கொஞ்சம் புதுத் திருநாளுக்கும் வந்து சேந்துருச்சுங்குறாங்க. அதெல்லாம் அடிச்சுச் சொல்ல முடியாது, வேற மாதிரியும் நடந்திருக்கலாம்னு சொல்ற ஆளும் உண்டு."

"அப்ப கேக்கு?"

"அதுக்கும் ஒரு கதை இருக்கு. அந்தச் சனித் திருவிழாவுல சீட்டுப் போட்டு ஒருத்தனை ராஜாவாக்குவாங்க. அவன் என்ன சொன்னாலும் எல்லாரும் செய்யணும். இப்பவும் வெளிநாட்டுல, குழந்தை இயேசுவைப் பாக்க வந்த மூணு ராஜாக்கள் திருநாளுக்கு ஒரு கேக்குக்குள்ள பயறு ஒண்ணை ஒளிச்சு வச்சுச் சுடுறாங்க. யார் துண்டுல பயறு வருதோ அவன்தான் அன்னைக்கு ராஜா. வேடிக்கை என்னன்னா, அந்த ரோமாபுரித் திருவிழாவுல முதலாளி அடிமைகளுக்குப் பந்தி பரிமாறுவாராம். எல்லாருக்கும் ஒரே மாதிரி குல்லா. முதலாளியைப் பத்தி மனசுல இருக்குறதை மூஞ்சிக்கு நேரா சொல்லலாம். தண்டனை கெடையாது."

அதற்குப் பிறகு டீச்சர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. தோளில் துண்டோடு, கையில் கரண்டியோடு, வேலையாட்களுக்குப் பரிமாறுகிற என்னையே என் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவே பேசும். எப்பேர்ப்பட்ட மனுசன் என்று சொல்லும். டீச்சர் இன்னும் ரெண்டு நிமிஷம் பேசினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். தம்பிகளா, இந்தத் தலையாட்டலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் பாதிக் கேக் கருகுவது இதனால்தான்.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் சம்சாரம் உலை வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சனிக்கு விருந்தா? அவனே ஏழரை வருசம் வந்து உக்காருறவன். நீங்க இலை போட்டு வேற கூப்புடுறீங்க."

"இது வேற சனிடி. ரோமாபுரிச் சனி. காலைக் கட்டி வச்சிருந்து அன்னைக்கு அவுத்து விடுவாங்களாம்."

"கட்டுன காலை எதுக்கு அவுக்கணும்? அப்படியே விட்டுருக்கலாம்ல?"

அவள் சொன்னதில் இருந்த அறிவு எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

பதினேழாம் தேதி மத்தியானம். கடையின் முன்கதவை நன்றாகத் திறந்து வைக்கச் சொன்னேன், தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டுமே. ஃபேன்சி ஸ்டோரில் ஏழெட்டு கிறிஸ்துமஸ் தாத்தா குல்லா வாங்கி எல்லோர் தலையிலும் மாட்டினேன். ஒரு பெரிய பன்னுக்குள் மொச்சைப் பயறு ஒன்றை வைத்துச் சுட்டு, ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். மாஸ்டர் பல்லில் 'கடக்' என்றது.

"மாஸ்டர்தான் ராஜா! இனி அவரு சொல்றதுதான் சட்டம்!" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். முதலாளி பரிமாறுவான், வேலையாள் வாய்க்கு வந்ததைப் பேசலாம் என்று ரோமாபுரிக் கதையையும் விளக்கினேன்.

"அப்ப நாங்கள்லாம் அடிமைங்களா முதலாளி?" என்றார் மாஸ்டர்.

"ஏலே, கதைக்குச் சொல்றதுடா."

"கதைக்குன்னா சரி."

இலை போட்டோம். சோறு, கறிக்குழம்பு, மூன்று வகை வெஞ்சனம், எல்லாம் என் சம்சாரம் சமைத்தது. நான் குனிந்து குனிந்து பரிமாறினேன். ராஜா "தண்ணி" என்றார், கொண்டுபோனேன். "விசிறு" என்றார், அட்டையால் விசிறினேன். வாசலில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். எனக்கு அப்படியே மிதக்கிற மாதிரி இருந்தது.

சாப்பாடு பாதியில் ராஜா ஓர் உத்தரவு போட்டார். ஆளுக்கொரு நிஜம், முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவன் எழுந்தான். "கடைக்கு யாராச்சும் பெரிய மனுசங்க வந்தா, முதலாளி போனை எடுத்து 'ஊட்டியில இருந்தா? இம்புட்டு ஆர்டரா? முடியாதே சார்'ம்பாரு. அந்தப் போனு செத்து ஆறு மாசமாச்சு."

சிரிப்பு. நானும் சிரித்தேன்.

இன்னொருவன், "கேக் டப்பால போட முதலாளி போட்டோ எடுத்தாருல்ல, கையில மாவு பூசிக்கிட்டு? அது மாவில்ல, பவுடரு."

இன்னும் சிரிப்பு. நான் கொஞ்சம் குறைவாகச் சிரித்தேன். சின்ன மாஸ்டர் முறை வந்தபோது, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று இலையைப் பார்த்தபடி சொல்லிவிட்டார். கடைசியில் ராஜாவின் முறை.

மாஸ்டர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "முதலாளி, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுடா. இன்னைக்கு எல்லாம் சொல்லலாம்."

"நீங்க குடுக்குற மசாலாவ நாங்க போடுறதில்ல."

"எது?"

"ரகசிய மசாலா. பத்து வருசமாப் போடுறதில்ல. மொத வருசம் போட்டுப் பாத்தோம். கேக்கு பூரா கல்பாசி வாசம், சோம்பு வாசம். பிரியாணிக் கடையில அரைச்ச கையில்ல? அந்த நெனப்புலயே அரைச்சுட்டீங்க. பத்து கேக்கைக் கொண்டுபோய் ஆட்டுக்கு வச்சோம். ஆடு மோந்து பாத்துட்டுத் தெறிச்சு ஓடிருச்சு. தன்னையத்தான் வேக வைக்கப் போறாங்கன்னு நெனச்சிருச்சு போல. அதுல இருந்து நாங்களே தனியா அரைச்சுப் போட்டுக்குறோம்."

"அப்ப என் டப்பா?"

"சின்ன மாஸ்டர் வீட்டுக்குப் போயிரும். அவுக வீட்டு ஞாயித்துக்கிழமைக் கறிக்கொழம்பு தெருவே மணக்கும் முதலாளி. அதுக்கு உங்க மசாலாவ அடிச்சுக்க ஆளு கெடையாது."

வாசலில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். என் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். நானும் ஹஹ்ஹா என்றேன். அந்தச் சிரிப்பைச் சிரிக்க எனக்கு ஆன வலி, போர்மாவில் கை சுட்டபோதுகூட ஆகவில்லை. பத்து வருஷம் நான் மோந்து பார்த்தது யார் கையை?

மறுநாள் காலை மாஸ்டர் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் சொன்னேன், "அந்தச் சட்டைய மறுபடி போட்டுக்கிட்டுக் கெளம்பு."

"என்ன முதலாளி?"

"நேத்துத் திருவிழா. அது முடிஞ்சிருச்சு. இன்னைக்கு நான் முதலாளி. பத்து வருசம் என்னைய ஏமாத்துனவன் எனக்கு வேணாம்."

அவர் சட்டையைப் போட்டார், பொத்தானை நிதானமாக மாட்டினார், கொடைரோடு பஸ் பிடிக்கப் போய்விட்டார். ஐந்நூறு கேக்குக்கு ஆறு நாள் இருந்தது.

அந்தக் காலை நான் யோசித்தது இவ்வளவுதான்: என் மசாலாவில்தான் கேக் என்று ஊருக்கே நிரூபித்துக் காட்டுகிறேன். இரண்டு நாள் நானே அறைக்குள் உட்கார்ந்து அரைத்தேன். சின்ன மாஸ்டரை விட்டு நாற்பது கேக் சுட வைத்தேன். சுட்டு முடித்ததும் முதல் துண்டை வாயில் போட்டேன். கண்ணை மூடினேன். கண்ணுக்குள் ஒரு முழு வாழை இலையும் தயிர் வெங்காயமும் வந்து நின்றன.

"ஏலே, நீங்க போடுற மசாலாவுல என்னடா இருக்கும்?" என்று சின்ன மாஸ்டரைக் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது முதலாளி" என்றார், தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே. அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தது. ஏன் சொல்கிறார் என்பதும் தெரிந்தது. வெளியே அனுப்பப்பட்ட மனிதரின் சொத்தை அவர் பாதுகாத்துக்கொண்டிருந்தார்.

இருபதாம் தேதி காலை டீச்சர் வந்து நின்றார். "சும்மா ஒரு துண்டு ருசி பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்ணே. சாமியார் கேட்டாரு."

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். கண்ணாடி அலமாரியில் மாஸ்டர் முன்னமே சுட்ட கேக் ஒன்று மிச்சம் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே என் கேக். பார்க்க இரண்டும் ஒன்றுதான். என் கை மாஸ்டர் கேக்கைத்தான் முதலில் தொட்டது. அதைக் கொடுத்தால் டீச்சர் சந்தோஷமாகப் போய்விடுவார். ஆனால் கிறிஸ்துமஸுக்குக் கிராமத்துப் பிள்ளைகள் டப்பாவைத் திறக்கும்போது நான் பக்கத்தில் நிற்கப் போவதில்லை. பொறுப்பேற்ற டீச்சர்தான் நிற்பார். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த அம்மா கோயில் வாசலில் தலை குனிந்து நிற்கிற காட்சி கண்ணில் வந்ததும் பயந்துவிட்டேன், அவ்வளவுதான். கையை நகர்த்தி என் கேக்கை வெட்டினேன்.

"இது நான் செஞ்சது டீச்சர்."

டீச்சர் கடித்தார். மென்றார். நல்ல வளர்ப்பு, துப்பவில்லை. கடைசியில் மெதுவாக, "அண்ணே, இதுக்குத் தொட்டுக்க ஏதாச்சும் உண்டா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். குல்லா, மொச்சைப் பயறு, ஆடு, சட்டை. ஆடு வந்த இடத்தில் டீச்சர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டை வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"திருவிழா ஒரு நாள்னு யார் உங்களுக்குச் சொன்னா?"

"நீங்கதான டீச்சர்?"

"நான் ஆரம்பிக்கும்னுதான் சொன்னேன். பின்னால ஏழு நாள் ஆயிருச்சுன்னு சொன்னேன், இருபத்து மூணு வரைக்கும். நீங்க தலையத் தலைய ஆட்டுனீங்க. பேசுறதுக்குத் தண்டனை கெடையாதுன்னும் சொன்னேனா இல்லையா? இன்னைக்கு நாலாவது நாள்ணே. அவரு இன்னும் ராஜா. ராஜாவ எப்படி வேலைய விட்டு அனுப்புனீங்க?"

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏன் தெரியுமா? மன்னிப்புக் கேட்காமலே மாஸ்டரைக் கூப்பிட ஒரு வழி கிடைத்துவிட்டது! சட்டப்படி அவர் இன்னும் ராஜா, கணக்கில் ஒரு சின்னப் பிழை, அவ்வளவுதான் என்று சொல்லிக் கூட்டி வந்துவிடலாம். என் புத்தி எப்போதும் இப்படித்தான் போகும். பஸ்ஸில் கொடைரோடு போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாஸ்டர் வீட்டு வாசலில் ஆடு கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு எட்டுப் பின்வாங்கியது. மாஸ்டர் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"வாங்க."

நான் நின்றுகொண்டே ரோமாபுரிச் சட்டத்தைச் சொன்னேன். ஏழு நாள், இருபத்து மூன்று, தண்டனை கிடையாது. அவர் பூண்டை உரித்தபடியே கேட்டார்.

"அப்ப நான் இன்னும் ராஜாவா?"

"ஆமா."

"நான் சொல்றதைச் செய்யணும்?"

"ஆமா மாஸ்டர்."

"அப்படின்னா மொத உத்தரவு. நீங்க இங்க எதுக்கு வந்தீங்கன்னு ரோமாபுரி இல்லாமச் சொல்லுங்க."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது ஒன்றும் உதவவில்லை. "நான் செஞ்சது தப்பு. பேசச் சொன்னதும் நானு, பேசுனதுக்கு வெரட்டுனதும் நானு. நீங்க இல்லாம எனக்குக் கேக் செய்யத் தெரியாது. ஐந்நூறு வீடு காத்துக்கிட்டிருக்கு" என்றேன். நீங்க என்று என் வாய் சொன்னதை என் காதே ஆச்சரியமாகக் கேட்டது.

மாஸ்டர் பூண்டுத் தோலை ஊதிவிட்டு எழுந்தார். "வாரேன். இருபத்து மூணு வரைக்கும் ராஜா. அதுக்கப்பறம் வத்தலக்குண்டுல ஒரு கடைக்கு வார்த்தை குடுத்துட்டேன், அங்க போயிருவேன். இதை இப்பவே சொல்லிட்டேன்."

சரி என்றேன். மூன்று நாளில் மனசு மாறிவிடும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என்னைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் பிரிய மனசு வரும்?

அந்த மூன்று நாள் தட்டுக் கழுவினேன். ராஜாவின் உத்தரவு. கருகிப் பிடித்த தட்டை எப்படித் தேய்ப்பது என்று தெரியாமல் முதல் நாள் என் விரல் நகம் இரண்டு போயிற்று. கடைக்கு வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் குல்லாவோடு என்னைப் பார்த்து, "புது ஆளா? முதலாளி இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறார் என்று மாஸ்டரைக் கை காட்டினேன். மாஸ்டர் ஒரு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். "ஓரத்துல பாருங்க" என்பார். மறுபடி தேய்ப்பேன். அந்த மூன்று நாளில் கோபமாக ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் தட்டுக் கழுவுகிற இடத்தில் இருந்து வேலை வேறு மாதிரி தெரிந்தது. மாவு கலக்குகிறவன் ஒரு பார்வையில் தண்ணீர் போதாது என்கிறான். அடுப்பு நின்று எரியவில்லை என்பதைச் சின்ன மாஸ்டர் வாசனையிலேயே சொல்கிறார். ஒரு தட்டு சூடு ஏறிவிட்டது என்று மாஸ்டர் முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்கிறார். பத்து வருஷமாக இதெல்லாம் என் கடைக்குள்தான் நடந்திருக்கிறது. நான் முன்னால் நின்று செத்த போனில் ஊட்டியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தம்பிகளா, நாளைக்கு நீங்களும் கடை போடுவீர்கள். ஆட்களைக் கூப்பிட்டு, மனசுல இருக்குறதைச் சொல்லுங்கடா என்பீர்கள். அது ரொம்பச் சுகமான வார்த்தை. சொல்கிறவனுக்குப் பெரிய மனுசன் ஆன மாதிரி இருக்கும். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அவன் சொல்லப் போவதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த பெருமை எதுவோ, அதுதான் முதலில் உடையும் என்று வைத்துக்கொண்டு, மறுநாள் காலை அவன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வீர்கள் என்று யோசித்துவிட்டு அப்புறம் கேளுங்கள். மறுநாள் காலைக்கு யோசிக்காதவன் முந்தின நாள் மத்தியானம் விருந்து வைக்கக் கூடாது.

இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி வந்தது. டீச்சர் ஒரு கேக்கை வெட்டி வாயில் போட்டார். இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு, "ஏத்துங்க" என்றார். ஐந்நூறையும் எண்ணி ஏற்றினோம். வண்டி திரும்பும்போது டீச்சர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாஸ்டர், ரொம்ப நன்றி" என்றார். சரியான ஆளைப் பார்த்துத்தான் சொன்னார்.

வண்டி போனதும் மாஸ்டர் கை கழுவினார். ஆணியில் இருந்து சட்டையை எடுத்தார்.

"இருங்களேன்" என்றேன்.

"வார்த்தை குடுத்திருக்கேன் முதலாளி."

"நான் கேட்ட மன்னிப்பு நெசந்தான்."

"நெசம்னு தெரியும். இல்லாட்டி இந்த மூணு நாளே வந்திருக்க மாட்டேன்." பொத்தானை மாட்டினார், அன்றைக்கு மாட்டின மாதிரியே நிதானமாக. "அன்னைக்குச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன் பாருங்க. அது போகல."

வெட்கத்தை விட்டு, "மசாலா அளவு?" என்று மட்டும் கேட்டேன். புது வருஷத்துக்கு அடுத்த ஆர்டர் இருந்தது.

"சின்ன மாஸ்டருக்குத் தெரியும். வருசா வருசம் அரைச்சது அவருதான். கேளுங்க, மரியாதையாக் கேளுங்க."

அவர் படியிறங்கிப் போனார். நான் உள்ளே வந்தேன். சின்ன மாஸ்டர் மறுநாள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாக என் கடையில் இருக்கிற மனிதர். என்ன சாப்பிட்டார், எங்கே தூங்கினார் என்று நான் கேட்டதில்லை. துண்டைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"சின்ன மாஸ்டர், அந்த மசாலாவ எனக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

அவர் நிமிரவில்லை. மாவைப் புரட்டிப் போட்டு இன்னொரு குத்துக் குத்தினார்.

"கை வேலையா இருக்கேன். செத்த நேரம் நில்லுங்க."

நின்றேன்.